எலக்ட்ரான் எந்தப் பக்கம் போகும்? பச்சைமலைச் செம்மண் முதல் திருவரங்கத்துச் சேறு வரை

துறையூரைத் தாண்டிப் பச்சைமலையில் ஏறினால், டாப் செங்காட்டுப்பட்டி வரை மரவள்ளிக் கொல்லைகளில் மண் சிவந்து கிடக்கிறது. மலையிறங்கி, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உத்தமர்சீலி, கிளிக்கூடு பக்கம் நடவு முடிந்து சில வாரங்களான வயலில் சேற்றை அள்ளினால், அது நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். இரண்டு நிறத்துக்கும் பெரும் காரணம் இரும்புதான். மலையில் இரும்பு தன் எலக்ட்ரானை இழந்து, நீரில் கரையாத துருவாக நிற்கிறது. வயலிலோ ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு கரையும் நிலைக்கு வந்துவிட்டது. கொடுத்தவை சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள். அவை வேறு எதற்கும் கொடுக்காமல் ஏன் இரும்புக்குக் கொடுத்தன, எந்தக் கட்டத்தில் கொடுத்தன என்பதை வயலில் இறங்காமலே கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு அதற்கான கருவி தெரிந்ததே. அதன் பெயர் ஒடுக்க மின்னழுத்தம். ஒரு பொருள் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள எவ்வளவு நாட்டம் உடையது என்பதை அது வோல்ட் கணக்கில் சொல்கிறது. உயிர்வேதியியலார் இதை பி.எச். 7 என்ற நடுநிலையில் வைத்துப் பட்டியலிடுகிறார்கள். பட்டியலின் உச்சியில் ஆக்சிஜன் +0.82 வோல்ட்டில் இருக்கிறது. சைட்டோகுரோம் சி +0.25, யூபிகுவினோன் +0.045, பைருவேட்–லாக்டேட் இணை −0.185, உணவிலிருந்து எலக்ட்ரானைச் சுமந்துவரும் என்.ஏ.டி.எச். −0.32, ஹைட்ரஜன் −0.41 என்று வரிசை கீழே இறங்குகிறது. வாங்குவதன் மதிப்பிலிருந்து கொடுப்பதன் மதிப்பைக் கழிக்க வேண்டும். விடை நேர்க்குறியாக வந்தால் வினை தன்னிச்சையாக நடக்கக்கூடியது. அந்த வித்தியாசத்தை எலக்ட்ரான்களின் எண்ணிக்கையாலும் 96.5 என்ற ஃபாரடே மாறிலியாலும் பெருக்கினால், மோலுக்கு எத்தனை கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும் என்பது கிடைக்கும். என்.ஏ.டி.எச். தன் இரண்டு எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் சேர்க்கும்போது வித்தியாசம் 1.14 வோல்ட், ஆற்றல் சுமார் 220 கிலோஜூல். நாம் மூச்சுவிட்டு வாழ்வது இந்த 1.14 வோல்ட்டில்தான்.

கணக்கு இவ்வளவு எளிமையாக இருப்பதாலேயே அதை அளவுக்கு மீறி நம்பிவிடுகிறோம். காவிரிப் பாசனத்தில் மேடு பள்ளம் தெரிந்தால் தண்ணீர் எந்தத் திசையில் போகும் என்று சொல்லிவிடலாம். மடை திறந்திருக்கிறதா என்பதை மட்டமானி சொல்லாது. ஒடுக்க மின்னழுத்தமும் அப்படித்தான். அட்டவணை ‘நடக்கும்’ என்று சொன்னால் நொதியை விசாரிக்க வேண்டும். ‘நடக்காது’ என்று சொன்னால் செறிவை விசாரிக்க வேண்டும். இந்த இரண்டு விசாரணையும் இல்லாமல் அட்டவணையை உயிருள்ள ஒன்றின்மீது வைத்துப் பார்ப்பது தவறு என்பதே என் நிலைப்பாடு. நம் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் மின்கலங்களோடு நின்றுவிடுவதால், இந்த விசாரணை மாணவர் கண்ணில் படுவதே இல்லை.

முதலில் ‘நடக்காது’ என்ற தீர்ப்பைப் பார்ப்போம். நம் செல்களில் சிட்ரிக் அமிலச் சுழற்சியின் கடைசிப் படியில் மேலேட், தன் எலக்ட்ரான்களை என்.ஏ.டி.க்குக் கொடுத்து ஆக்ஸலோஅசிட்டேட் ஆகிறது. மேலேட்டின் இணை −0.166 வோல்ட். என்.ஏ.டி. அதைவிடக் கீழே −0.32-ல் இருக்கிறது. கழித்தால் −0.154. அட்டவணைப்படி இது மோலுக்கு 30 கிலோஜூல் அளவுக்குத் தலைகீழான வினை. ஆனாலும் ஓயாமல் நடக்கிறது. அட்டவணையின் எண்கள் எல்லாப் பொருளும் சம செறிவில் இருப்பதாக வைத்துக்கொண்டவை. மைட்டோகாண்ட்ரியாவிலோ ஆக்ஸலோஅசிட்டேட் உண்டான உடனே அடுத்த நொதி அதை எடுத்துக்கொள்கிறது. அதன் அளவு மிகமிகக் குறைவாகவே நிற்கிறது. நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி, இரண்டு எலக்ட்ரான் வினையில் செறிவு விகிதம் பத்து மடங்கு மாறும்போதெல்லாம் மின்னழுத்தம் 0.03 வோல்ட் நகரும். 0.154 வோல்ட் பள்ளத்தைத் தூர்க்கப் பத்து மடங்கு மாற்றம் ஐந்து முறைக்குச் சற்று அதிகம் வேண்டும், அதாவது ஒன்றரை லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் விகிதம் சாய வேண்டும். செல் அந்தச் சாய்வை நிலையாக வைத்திருக்கிறது.

இன்னும் அழகான எடுத்துக்காட்டு சாண எரிவாயுக் கலனிலும் நெல் வயல் சேற்றிலும் ஒரே மாதிரி நடக்கிறது. புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் தங்களிடம் குவியும் என்.ஏ.டி.எச்.-ஐக் காலிசெய்ய, அதன் எலக்ட்ரானை ஹைட்ரஜன் அயனியிடம் தள்ளி ஹைட்ரஜன் வாயுவை விடப் பார்க்கின்றன. −0.32-லிருந்து −0.41-க்குப் போவது மேட்டேற்றம், முடியாது. ஆனால் பக்கத்திலேயே மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்கள் ஹைட்ரஜனை விடாமல் தின்றுகொண்டிருக்கின்றன. ஹைட்ரஜனின் அழுத்தம் ஒரு வளிமண்டலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்காக இறங்கியதும், அந்த இணையின் மின்னழுத்தம் −0.30-க்கு ஏறிவிடுகிறது. இப்போது அது என்.ஏ.டி.எச்.-க்கு மேலே இருக்கிறது, வினை ஓடுகிறது. ஒரு உயிர் தனியாகச் செய்ய முடியாததை, அண்டை உயிர் செறிவை இறக்கிக் கொடுப்பதால் செய்துவிடுகிறது. அட்டவணையை மட்டும் பார்த்தவர் இந்தக் கூட்டு வாழ்க்கையை இல்லாத ஒன்று என்று தள்ளியிருப்பார்.

இந்த எண்களை அளந்து சேர்த்த வரலாற்றில் அமெரிக்கரான வில்லியம் மான்ஸ்ஃபீல்ட் கிளார்க்குக்குத் தனி இடம் உண்டு. அவர் முதலில் வேலை பார்த்தது அமெரிக்க வேளாண் துறையின் பால்பண்ணைப் பிரிவில். அவர் ஆராய்ந்த சாயங்களில் ஒன்றான மெத்திலீன் புளூ இன்றும் நம் பால் பரிசோதனைக் கூடங்களில் புழங்குகிறது. எலக்ட்ரான் இல்லாதபோது அது நீலம், வாங்கிக்கொண்டால் நிறமற்றது. அதன் மதிப்பு +0.011 வோல்ட். பாலில் பாக்டீரியா பெருகியிருந்தால், கரைந்திருக்கும் ஆக்சிஜனை முதலில் தின்று முடிக்கும். பிறகு எலக்ட்ரான்கள் சாயத்துக்கு வந்து நீலம் மறையும். ஐந்து மணி நேரம் நீலம் நின்றால் மிக நல்ல பால், அரை மணியில் வெளுத்தால் கெட்ட பால் என்று தரம் பிரிக்கிறார்கள். இங்கே மின்னழுத்தம் சொல்வது வரிசையை மட்டுமே, ஆக்சிஜன் முன்னே, சாயம் பின்னே. பாலின் தரத்தைச் சொல்வது கடிகாரம்.

நெல் வயலுக்கு வருகிறேன். ஒடுக்க மின்னழுத்தம் என்ற கருவிக்கு உலகிலேயே பெரிய சோதனைச்சாலை அதுதான், அந்த ஆராய்ச்சியின் தொடக்கக் காலப் பணிகளில் ஒன்று நம் மண்ணில் நடந்தது. 1913-ல் டபிள்யூ. எச். ஹாரிசனும் பி. ஏ. சுப்ரமணிய ஐயரும் சென்னை மாகாணத்து நெல் மண்ணிலிருந்து கிளம்பும் வாயுக்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். சேற்றிலிருந்து கிளம்பும் குமிழ்களில் மீத்தேனும் நைட்ரஜனும் மிகுந்திருப்பதையும், மண்ணின் மேற்பரப்பில் படரும் பாசிப் படலம் ஆக்சிஜனை விட்டு அந்த மீத்தேனை எரிப்பதையும் அவர்கள் கண்டார்கள். புவி வெப்பமாதல் பற்றிய பேச்சே இல்லாத காலத்தில் வயலுக்குள் குமிழைப் பிடித்து அளந்த அந்த இருவரையும் நம் வேளாண் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

குமிழுக்குப் பின்னால் இருக்கும் வரிசையை முழுமையாக எழுதிக்காட்டியவர் இலங்கையில் பிறந்த மண் வேதியியலார் எஃப். என். பொன்னம்பெருமா. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபோது 1972-ல் அவர் வெளியிட்ட, நீர் தேங்கிய மண்ணின் வேதியியல் பற்றிய நீண்ட கட்டுரைதான் இன்றுவரை அடிப்படை நூல். சேடை கட்டி நீர் நிறுத்தியதும் மண்ணுக்குள் ஆக்சிஜன் ஒரு நாளிலேயே தீர்ந்துவிடும். பின் நைட்ரேட் எலக்ட்ரானை வாங்கி நைட்ரஜனாகப் பறந்துபோகிறது. அடுத்தது மாங்கனீஸ், 0.4 முதல் 0.5 வோல்ட் அளவில். அதன்பின் இரும்பு. பிறகு −0.22-ல் சல்பேட், அப்போதுதான் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. கடைசியில் −0.24-ல் கார்பன் டை ஆக்சைடிலிருந்து மீத்தேன். மக்கும் தழையிலிருந்து வரும் அசிட்டேட்டை எரிபொருளாக வைத்துக் கணக்குப் போட்டால், ஆக்சிஜனிடம் கொடுக்கும்போது மோலுக்கு 850 கிலோஜூல் அளவில் கிடைக்கிறது. சல்பேட்டிடம் 50-ஐ ஒட்டி. மீத்தேன் பாதையில் முப்பது சொச்சம்தான். அதிக ஆதாயம் தருவது முதலில் தீர்கிறது. அட்டவணை போட்ட வரிசையும் வயலில் பார்த்த வரிசையும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவது வியப்பானது.

ஆனால் இந்தப் பொருத்தத்துக்குள்ளேயே மூன்று கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது இரும்பு. பாடப்புத்தகத்தில் இரும்பின் மதிப்பு +0.77. அது அமிலக் கரைசலில் கரைந்திருக்கும் இரும்புக்கு உரியது. வயலில் இருப்பதோ துரு. துரு எலக்ட்ரானை வாங்கும்போது கூடவே மூன்று ஹைட்ரஜன் அயனிகளையும் எடுத்துக்கொள்கிறது, அதனால் பி.எச். ஓர் அலகு ஏறினால் மின்னழுத்தம் 0.18 வோல்ட் இறங்குகிறது. நடுநிலையில், கரைந்த இரும்பு லிட்டருக்கு ஒரு மில்லிமோல் இருக்கும் சேற்றில், அதன் மதிப்பு ஏறத்தாழ சுழியம். +0.77-ஐ வைத்துக்கொண்டு வயலைக் கணித்தவர் மாங்கனீசுக்கு முன்னாலேயே இரும்பு தீரும் என்று சொல்லித் தோற்பார்.

இது திருச்சிக்காரர்களுக்கு ஏட்டுப் பிரச்சினை அல்ல. மணிகண்டம், நவலூர் குட்டப்பட்டு பக்கத்தில் களர் நிலங்கள் உண்டு. அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியும் அங்கேதான் இருக்கிறது; களரைத் தாங்கும் நெல்லாக டிஆர்ஒய் ரகங்கள் திருச்சியிலிருந்துதான் வந்தன. பி.எச். 9 இருக்கும் களரில் அதே கணக்கைப் போட்டால் இரும்பின் மதிப்பு −0.36-க்கு இறங்குகிறது, அதே பி.எச்.-ல் சல்பேட்டும் மீத்தேனும் நிற்கும் மட்டத்துக்கே. துரு கரைய மறுக்கிறது. பயிர் இரும்புச்சத்து இல்லாமல் வெளிறுகிறது. ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டை மடக்கி உழுது நீர் நிறுத்தச் சொல்வதில் இந்த வேதியியலும் அடங்கியிருக்கிறது. தழை மக்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு பி.எச்.-ஐ இறக்குகிறது, அது இறங்க இறங்க இரும்பு வரிசையில் தன் பழைய இடத்துக்கு ஏறுகிறது.

இரண்டாவது கண்ணி ஆக்சிஜன். நான்கு எலக்ட்ரானை வாங்கும் பொருள் என்பதால் அதன் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் மின்னழுத்தம் 0.045 வோல்ட்கூட இறங்குவதில்லை. அப்படியென்றால் ஆக்சிஜன் கொஞ்சம் இருக்கும்போதே நைட்ரேட் ஏன் ஒடுங்கத் தொடங்குகிறது? மின்னழுத்தத்தால் இதற்கு விடை சொல்ல முடியாது. மண் துகளுக்குள் ஆக்சிஜன் ஊறிச்செல்லும் வேகம், நொதிகளுக்கு அதன்மேல் உள்ள பிடிப்பு, எந்த மரபணு எப்போது விழிக்கிறது ஆகியவைதான் விடை.

மூன்றாவது, அளக்கும் கருவி. பிளாட்டின மின்முனையைச் சேற்றில் செருகி +600, −200 மில்லிவோல்ட் என்று படிக்கிறோம். அது ஒரே ஒரு இணையின் சமநிலை மதிப்பு அல்ல, பலவும் கலந்த ஒன்று. 1984-ல் லிண்ட்பெர்க், ரனெல்ஸ் இருவரும் நிலத்தடி நீர் மாதிரிகளின் பகுப்பாய்வுகளை எடுத்து, ஒவ்வொரு இணையின் செறிவிலிருந்தும் மின்னழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். ஒரே நீரில் இணைக்கு ஒரு மதிப்பு வந்தது. எதுவும் எதோடும் ஒத்துப்போகவில்லை. ‘இந்த மண்ணின் மின்னழுத்தம் இவ்வளவு’ என்று ஒற்றை எண்ணாகச் சொல்வது ஒரு குறிகாட்டி மட்டுமே என்று அப்போதிருந்து எச்சரிக்கையோடு படிக்கிறோம்.

திசைக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளி நாட்டு அரசியலையும் தொட்டது. இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருந்தது. 1991-ல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ. பி. மித்ரா தலைமையில் நாடு முழுவதும் வயலில் இறங்கி அளந்தார்கள். வந்த விடை 40 லட்சம் டன்னை ஒட்டியது. வேதியியல் தவறவில்லை; எல்லா வயலும் எப்போதும் நீரில் நிற்பதாக எண்ணியதே தவறு. நம் நிலங்களில் கணிசமான பகுதி மானாவாரி. மழை விட்டால் வெடித்து மூச்சுவிடுவது. காவிரிப் பாசனத்திலும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது உழவர்களுக்குத் தெரிந்த முறை. நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை காயவிட்டுப் பிறகு பாய்ச்சினால், ஆக்சிஜன் உள்ளே போய் ஒடுங்கிய இரும்பை மறுபடி துருவாக்குகிறது. அடுத்த முறை நீர் நிற்கும்போது நுண்ணுயிர்கள் அந்தத் துருவைத் தீர்த்த பிறகே மீத்தேனுக்குப் போக முடியும். மீத்தேன் பாதியளவு வரை குறைவது பல நாடுகளில் அளக்கப்பட்டிருக்கிறது. காயும்போது உண்டாகும் நைட்ரேட் மறுபடி நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்புவது இதன் மறுபக்கம். உரமிடும் நேரத்தைப் பார்த்துக் காயவிட்டால்தான் ஆதாயம் முழுமையாகக் கிட்டும்.

இப்போது ‘நடக்கும்’ என்ற தீர்ப்பு பொய்க்கும் இடம். அதற்கு மலைக்குத் திரும்ப வேண்டும். பச்சைமலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் விளைவிக்கும் மரவள்ளியில் லினமரின் என்ற சயனைடு சேர்மம் இருக்கிறது. கிழங்கின் திசு சிதைந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு பிரியும். நீரில் வேகவைத்து, மூடாமல் ஆவி போகவிட்டு, நீரை வடித்துக் கொட்டுவது அதனால்தான். சயனைடு உடலில் சேர்ந்தால் மைட்டோகாண்ட்ரியாவின் கடைசி நொதியான சைட்டோகுரோம் ஆக்சிடேசின் இரும்பில் ஒட்டிக்கொள்கிறது. சைட்டோகுரோம் சி-க்கும் ஆக்சிஜனுக்கும் இடையே 0.57 வோல்ட் அப்படியே இருக்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கிறது. ஒரு எலக்ட்ரான்கூட நகர்வதில்லை. மருத்துவர்கள் நைட்ரைட் கொடுத்து ஹீமோகுளோபினின் ஒரு பகுதி இரும்பை வேண்டுமென்றே ஆக்சிஜனேற்றுகிறார்கள். சயனைடுக்குப் பிடித்தது எலக்ட்ரான் இழந்த இரும்பு. அதனால் சயனைடு நொதியை விட்டு இரத்த இரும்புக்கு இடம்பெயர்கிறது.

செடி தன் நஞ்சோடு எப்படி வாழ்கிறது? தாவரங்களின் மைட்டோகாண்ட்ரியாவில் மாற்று ஆக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி உண்டு. சயனைடு அதைத் தொடுவதில்லை. யூபிகுவினோனிலிருந்து நேரே ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான் இறங்குகிறது. 0.77 வோல்ட்டும் வெப்பமாகவே போய்விடுகிறது. தாமரைப் பூ குளிர்ந்த இரவிலும் முப்பது டிகிரிக்கு மேல் தன்னைச் சூடாக வைத்திருப்பதற்கு இந்த நொதி துணைநிற்கிறது. அறுவடை செய்த மரவள்ளி இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு விழுந்து கெடுவதும் இதோடு தொடர்புள்ளது. வெட்டுப்பட்ட கிழங்கில் சயனைடு மூச்சுச் சங்கிலியை அடைக்க, பின்னால் தேங்கிய எலக்ட்ரான்கள் ஆக்சிஜனிடம் கசிந்து சூப்பராக்சைடாகின்றன. 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், மாற்று ஆக்சிடேசைக் கூடுதலாக உண்டாக்கும்படி மாற்றிய மரவள்ளிக் கிழங்கு கெடாமல் நீண்ட நாள் இருந்தது. கிழங்கைத் தோண்டியதும் ஓடி ஓடி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு ஏற்றும் மலைவாசிகளுக்கு இந்த 0.77 வோல்ட்டின் பாதை ஒரு வருமானக் கேள்வி.

அட்டவணை கண்டுபிடிப்புக்கு வழிகாட்டிய இடமும் உண்டு. 1977-ல் வியன்னாவின் எங்கெல்பர்ட் ப்ரோடா, அம்மோனியத்தை நைட்ரைட்டாலேயே எரித்து நைட்ரஜன் ஆக்கும் உயிர் ஒன்று இருந்தாக வேண்டும் என்று ஆற்றல் கணக்கை மட்டும் வைத்து எழுதினார். மோலுக்கு 357 கிலோஜூல் சும்மா கிடக்காது என்பது அவர் வாதம். 1990-களில் நெதர்லாந்துக் கழிவுநீர்த் தொட்டியில் அதையே செய்யும் அனமாக்ஸ் பாக்டீரியா கிடைத்தது.

அதே வகைக் கணக்கு நம் வயலிலும் காத்திருக்கிறது. அம்மோனியத்தை ஆக்சிஜனும் நைட்ரைட்டும் இல்லாமல், துருவைக் கொண்டே எரிக்கும் வினை சீன நெல் மண்களில் 2014-ல் காட்டப்பட்டது. உழவர் இட்ட தழைச்சத்து காணாமல் போகும் இன்னொரு வழி அது. பி.எச். 7-ல் துருவுக்கும் அம்மோனியத்துக்கும் இடையே 0.28 வோல்ட் இருக்கிறது. பி.எச். 9 களரில் இரண்டும் இறங்கினாலும் துரு வேகமாக இறங்குவதால் மிஞ்சுவது 0.08 தான். தக்கைப்பூண்டு மடக்கிய நவலூர் குட்டப்பட்டுக் களர் வயலில் பி.எச். வாரம் வாரமாக இறங்கும்போது அந்த இடைவெளி மறுபடி விரியும். அங்கே குறியிட்ட நைட்ரஜன்-15 யூரியா இட்டு, கரைந்த இரும்பையும் பி.எச்.-ஐயும் ஒரே நாளில் அளந்து, கிளம்பும் வாயுவில் நைட்ரஜன்-15 எந்த வாரத்தில் தோன்றுகிறது என்று பார்த்தால், கணக்கும் நொதியும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்பது தெரிந்துவிடும்.